பேசத் தெரிந்தால் போதாது: பயிற்சியாளர் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. வகுப்பில் இருபத்திரண்டு சூப்பர்வைசர்கள். பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேராக வந்தவர்கள். ஹெச்.ஆர். கொடுத்திருந்த தலைப்பு நேர மேலாண்மை. அவசரமான வேலை எது, முக்கியமான வேலை எது என்று நான்கு கட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். காலை டீக்குச் சற்று முன்னால் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஷிஃப்ட்டுக்குள்ள வந்ததும், முன்னாடி இருந்தவங்க மெஷின்ல என்ன பண்ணி வெச்சுட்டுப் போனாங்கன்னு கண்டுபிடிக்கவே ஒண்ணரை மணி நேரம் போயிடுது. அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

மதியத்துக்கென்று தயாரித்திருந்த ஸ்லைடுகளை மூடி வைத்தேன். ஷிஃப்ட் மாறும்போது எதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனால் அடுத்தவருக்கு உதவும் என்று அவர்களையே சொல்லச் சொல்லி ஃபிளிப் சார்ட்டில் எழுதினேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஐந்து வரி தேறியது. அந்த மனிதரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே பத்து நிமிடம் போனில் பேசியிருந்தால், அந்தக் காலைப் பொழுது முழுவதும் வீணாகியிருக்காது.

இந்தத் தொழிலுக்கு வர நினைத்து என்னிடம் பேசுகிறவர்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம், "எனக்கு நல்லா பேச வரும்" என்பதுதான். கல்லூரிப் பட்டிமன்றத்தில் பரிசு வாங்கியிருப்பார்கள். அலுவலக ஆண்டு விழாவில் மைக் பிடித்திருப்பார்கள். அது உதவும். ஆனால் நம் மொழியில் 'கேட்பது' என்ற ஒரே சொல்தான் காது கொடுப்பதையும் குறிக்கிறது, கேள்வி எழுப்புவதையும் குறிக்கிறது. இந்தத் தொழிலின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. கார்ப்பரேட் பயிற்சியாளராகவோ கோச்சாகவோ வர விரும்புகிறவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, அந்தக் கோணத்திலிருந்தே சொல்கிறேன்.

எந்த வேலைக்கு வருகிறீர்கள்?

பயிற்சியாளர், கோச் என்ற இரண்டையும் ஒரே விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறோம். செய்யும் வேலை வேறு வேறு.

பயிற்சியாளருக்கு ஒரு பொருள் இருக்கும்: புகார் சொல்லும் வாடிக்கையாளரிடம் பேசுவது, முதல்முறை சூப்பர்வைசர் ஆனவர் குழுவை நடத்துவது, மின்னஞ்சல் எழுதுவது என்று ஏதோ ஒன்று. எதிரே இருபது, இருபத்தைந்து பேர். ஒரு நாள் அல்லது இரண்டு நாள். அவர்களுக்கு ஒரு திறன் கைவர வேண்டும்.

கோச்சுக்குப் பாடத்திட்டம் கிடையாது. எதிரே ஒரே ஒருவர். நான்கு மாதமோ ஆறு மாதமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம். எதைப் பேசுவது என்பதை வருகிறவர்தான் கொண்டுவருவார். வழிகாட்டும் மூத்தவர் தன் அனுபவத்திலிருந்து பதில் சொல்வார். ஆலோசகர் ஆய்வு செய்து தீர்வு எழுதித் தருவார். மனநல ஆலோசகர் காயத்தை ஆற்றுவார். கோச் இந்த மூன்றையும் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வர இடம் செய்து கொடுப்பார்.

சென்னையில் ஐ.சி.எஃப். என்றால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. எங்கள் தொழிலில் ஐ.சி.எஃப். என்றால் 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு. இரண்டு இடத்திலும் கோச் என்ற சொல் வருவது தற்செயல் இல்லை. ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப் பெயரே நின்றது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வைத் தாண்ட உதவும் ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் அழைக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து விளையாட்டுக்கும், 1980களில் அலுவலகங்களுக்கும் வந்தது. புதியவர்களுக்கு இந்த வரலாற்றை நான் விரும்பிச் சொல்வதுண்டு. எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்.

கோச்சுகள் சிலர் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் 'டிரான்ஸ்ஃபர்மேஷனல்', அதாவது உருமாற்றும், என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வியியல் அறிஞர் ஜாக் மெசிரோ, பல ஆண்டு இடைவெளிக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 1978-இல் உருமாற்றக் கற்றல் என்ற கருத்தை முன்வைத்தார். புதுத் தகவல் சேர்வது ஒரு வகைக் கற்றல். 'இது என்னால் ஆகாது', 'இது என் வேலை இல்லை' என்று வருடக்கணக்காகக் கேள்வியே கேட்காமல் வைத்திருந்த அனுமானம் ஆட்டம் கண்டு, அதை மறுபரிசீலனை செய்வது இன்னொரு வகை. இது இரண்டு மணி நேர உற்சாகப் பேச்சில் நடக்காது. அந்தச் சொல்லை உங்கள் பெயருக்கு முன்னால் போடுவதற்கு ஓரிரு ஆண்டு பொறுங்கள்.

பயிற்சியாளராகத் தொடங்கி, மனிதர்களைப் பார்த்துப் பழகிய பிறகு கோச்சிங்குக்கு நகர்வதே பெரும்பாலானோருக்குச் சரிப்படும் என்பது என் கருத்து.

கையில் இருக்கும் சரக்கு

ஒரு தாளை எடுத்து, இதுவரை செய்த வேலைகளை எழுதுங்கள். பதவிகளை வேண்டாம், வேலைகளை. 'தர மேலாளர், 11 ஆண்டு' என்று எழுதினால் பயனில்லை. 'கஸ்டமர் திருப்பி அனுப்பிய பொருளுக்குக் காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதினேன்; ஆடிட்டர் முன் உட்கார்ந்தேன்; படிப்பு குறைந்த ஆபரேட்டர்களுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன்' என்று எழுதினால், அதில் மூன்று பயிற்சி வகுப்புகள் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

எல்லோரும் தலைமைப் பண்பு, ஊக்கமூட்டல் என்றுதான் தொடங்குகிறார்கள். கூட்டம் அங்கேதான் அதிகம். நீங்கள் செய்து பார்த்த வேலையிலிருந்து தொடங்கினால், கேள்வி வரும்போது உங்களிடம் உண்மையான பதில் இருக்கும். மருத்துவமனையில் பத்து வருடம் நர்ஸாக இருந்தவர், நோயாளியின் உறவினரிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று வகுப்பெடுத்தால் அந்த அறையில் ஒருவர்கூடப் போனைப் பார்க்க மாட்டார்கள்.

யாருக்கு என்ன தேவை என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவைத் தொழிற்சாலைகளுக்கு சூப்பர்வைசர் பயிற்சி எப்போதும் வேண்டும். ஐ.டி. நிறுவனங்களுக்கு வாடிக்கையாளரிடம் பேசுவதும் எழுதுவதும் வேண்டும். கல்லூரி வேலைவாய்ப்புப் பயிற்சியில் ஒரு நாளுக்கான சம்பளம் குறைவு. நாட்கள் அதிகம் கிடைக்கும். தொண்டை பழக அது நல்ல இடம், அங்கேயே தங்கிவிடக் கூடாது.

சட்டம் உருவாக்கிய தேவை ஒன்றும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்களை விசாரிக்க ஓர் உள் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஊழியர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பும், குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சியும் நடத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சட்டப் படிப்போ, பெண்கள் அமைப்புகளில் வேலை செய்த அனுபவமோ இருப்பவர்கள் இதைத் தீவிரமாகப் பரிசீலிக்கலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தமிழில் மட்டுமல்ல, ஒடியாவிலும் இந்தியிலும் இதை விளக்கத் தெரிந்தவருக்கு இன்னும் மதிப்பு கூடும்.

எங்கே பழகுவது

வார இறுதியில் இரண்டு நாள் உட்கார்ந்தால் 'மாஸ்டர்' பட்டம் தரும் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன், காசு அதிகம் செலவாகாத இடங்களில் பழகுங்கள்.

மேடைப் பேச்சு பழகுவதற்கென்றே 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் சென்னையிலும் கோவையிலும் நிறைய இருக்கின்றன. தமிழிலேயே நடக்கும் கிளப்புகளும் உண்டு. அங்கே பேசுவதைவிட, மற்றவர் பேச்சை மதிப்பிடும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மனம் நோகாமல் குறை சொல்லும் கலை அதில்தான் வரும். சிறு நகரங்களில் ஜே.சி.ஐ. என்ற இளைஞர் அமைப்பு, நம் ஊர் வழக்கில் ஜேசீஸ், பல பயிற்சியாளர்களை உருவாக்கியிருக்கிறது. அங்கே மண்டலப் பயிற்சியாளர் என்று படிப்படியாக ஏற வழி இருக்கிறது. முறையாகப் படிக்க விரும்பினால், 1970 முதல் இயங்கும் இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கத்தின் டிப்ளமோ இருக்கிறது. ஹெச்.ஆர். துறையினர் அறிந்த பெயர் அது.

ஆனால் எதையும்விட அதிகமாகக் கற்றுத்தருவது ஒரு மூத்த பயிற்சியாளரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான். கேட்டுப் பாருங்கள், பலர் மறுக்க மாட்டார்கள். வகுப்புப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு போங்கள், நாற்காலி போடுங்கள், குழுப் பயிற்சியில் ஒரு மேசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் என்ன பேசினார் என்று குறிப்பெடுக்காதீர்கள். யார் எப்போது சாய்ந்து உட்கார்ந்தார், எந்தக் கேள்விக்குப் பிறகு அறை உயிர் பெற்றது என்று எழுதுங்கள். பத்து வகுப்பு அப்படிப் பார்த்தால், உங்கள் முதல் வகுப்பை எடுக்கலாம்.

கோச்சிங்குக்கு நேரக் கணக்கு இருக்கிறது. ஐ.சி.எஃப். தரும் முதல் சான்று ஏ.சி.சி. அதற்கு 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேர கோச்சிங் அனுபவம், அதில் குறைந்தது 75 மணி நேரம் கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும். 10 மணி நேரம் மூத்த கோச்சிடம் வழிகாட்டல், பிறகு தேர்வு. அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் படிப்பும் 500 மணி நேர அனுபவமும். உச்சத்திலுள்ள எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரம். நம் நாட்டில் கோச் என்று சொல்லிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. ஆகவே பெரிய நிறுவனங்கள் இந்தச் சான்றைக் கேட்கின்றன. படிப்பில் சேரும் முன், அந்த வகுப்பை ஐ.சி.எஃப். அங்கீகரித்திருக்கிறதா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள். நடத்துகிறவரின் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வகுப்புக்கு முந்தைய வாரம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

ஹெச்.ஆர். போன் செய்து, "ஒரு நாள் டீம் பில்டிங் வேணும், அடுத்த வியாழக்கிழமை முடியுமா?" என்று கேட்பார். தேதி காலியாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் சரி என்று விடாதீர்கள். "சொல்லுங்க, என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஏதோ நடந்திருக்கும். இரண்டு துறைகளுக்குள் மின்னஞ்சல் சண்டை. மூன்று மாதத்தில் நான்கு பேர் வேலையை விட்டிருப்பார்கள். அல்லது ஆடிட் வருகிறது. ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று வைத்திருக்கும் நிறுவனம், பயிற்சி கொடுத்தால் அது பலன் தந்ததா என்று மதிப்பிட்டுப் பதிவும் வைத்திருக்க வேண்டும். எனவே சில அழைப்புகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்காக மட்டுமே வரும். அதையும் தெரிந்துகொண்டு போனால், அந்த ஒரு நாளையும் பயனுள்ளதாக்க வழி தேடலாம்.

அடுத்து, வகுப்புக்கு வரப்போகும் மூன்று பேரிடமும் அவர்களுடைய மேலாளர் ஒருவரிடமும் தனித்தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். நான் கேட்பது இவ்வளவுதான்: போன வாரத்தில் உங்களுக்கு வேலை கெட்ட ஒரு நாளைச் சொல்லுங்கள். அன்று என்ன நடந்தது, யாரிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்? பொதுவாகக் கேட்டால் 'கம்யூனிகேஷன் கேப் சார்' என்று பொதுவான பதில்தான் வரும். ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் உண்மை வரும். மேலாளரிடம்: இந்த வகுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து, உங்கள் ஆட்கள் எதை வேறுமாதிரி செய்தால் இந்தச் செலவு வீண் இல்லை என்பீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய சட்டகம் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை நான்கு மட்டத்தில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பெரும்பாலான பயிற்சியாளர்கள் முதல் மட்டத்தோடு, அதாவது மாலை ஐந்தரைக்கு நிரப்பும் ஃபீட்பேக் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் மூன்றாவது மட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வகுப்பை வடிவமையுங்கள்.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஒன்பதரை முதல் ஐந்தரை என்றால் எட்டு மணி நேரம். சாப்பாடு முக்கால் மணி, இரண்டு டீ அரை மணி. ஜி.எம். வந்து தொடங்கி வைப்பார், கையெழுத்து வாங்குவார்கள், தாமதமாக வருகிறவர்கள் வருவார்கள். கைக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதில் மூன்று விஷயத்துக்கு மேல் வைக்காதீர்கள். இருபது நிமிடம் நீங்கள் பேசினால், அடுத்த அரை மணி நேரம் அவர்கள் செய்து பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு விரிவுரையே வேண்டாம். இருவர் இருவராக எழுந்து நின்று பேசும் பயிற்சி வையுங்கள்.

ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும் விவாதம் தமிழில் நடக்கட்டும். ஷாப் ஃப்ளோர் ஆட்கள் ஆங்கிலத்தில் தலையாட்டுவார்கள், தமிழில்தான் வாதாடுவார்கள். வாதாடாமல் எதுவும் மாறாது.

வகுப்பு நாளில் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மார்க்கர் எழுதுகிறதா, லேப்டாப் புரொஜெக்டரோடு ஒத்துப்போகிறதா, கடைசி நாற்காலியிலிருந்து எழுத்து தெரிகிறதா என்று உட்கார்ந்தே பாருங்கள். பள்ளிக்கூட வரிசையாகப் போட்டிருந்தால், ஹவுஸ்கீப்பிங் அண்ணனிடம் கேட்டு 'யூ' வடிவத்திலோ ஐந்தைந்து பேர் கொண்ட மேசைகளாகவோ மாற்றுங்கள். மடித்த அட்டையில் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதி முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர்கள் நிமிர்கிறார்கள்.

மேடையில் சொல்லக் கூடாதவை

எங்கள் தொழிலில் மூன்று பொய்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நல்ல பயிற்சியாளர்களும் இவற்றைக் காட்டுகிறார்கள்.

ஒன்று, 'தகவல் தொடர்பில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55.' இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுத்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிக் காட்டி, பேசுகிறவருக்குத் தன்மேல் விருப்பா வெறுப்பா என்று கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்று பார்த்த ஆய்வு அது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்ப ஆண்டுகளில் நானும் இந்த ஸ்லைடைக் காட்டினேன். கோவையில் ஓர் இளம் பொறியாளர், "அப்படின்னா தெரியாத மொழிப் படத்தை சப்டைட்டில் இல்லாம பார்த்தாலே 93 சதவீதம் புரியணுமே சார்" என்று கேட்டார். அன்று இரவே மூலத்தைத் தேடிப் படித்தேன், மறுநாள் காலை வகுப்பில் திருத்திச் சொன்னேன்.

இரண்டு, 'ஒரு பழக்கம் படிய 21 நாள்.' லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 66 நாள். ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை கணக்கிட்டார்கள். 22ஆவது நாளில் தோற்றுப்போனதாக நினைத்து விட்டுவிடும் மனிதரை எண்ணிப் பாருங்கள். தவறான எண் அவருக்குத் தீங்கு செய்கிறது.

மூன்று, 'படித்ததில் 10 சதவீதமும் செய்ததில் 90 சதவீதமும் நினைவில் நிற்கும்' என்று காட்டும் கூம்பு வடிவப் படம். எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பில் எண்களே கிடையாது. பின்னால் யாரோ ஒட்டியவை.

நம்பகமானது வேண்டுமென்றால் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸைப் படியுங்கள். அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று 1885-இலேயே எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. வகுப்பு முடிந்த பிறகும் பயிற்சியாளருக்கு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

எல்லைகள்

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடந்தது. இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கத் தயங்கிய மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டதில், கீழ்த்தளத்துச் சன்ஷேடில் அடிபட்டு அந்தப் பெண் இறந்துபோனார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்ட அவருக்கு அந்த ஆணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. நாம் மாடியில் பயிற்சி நடத்துவதில்லை. என்றாலும் தயங்குகிற ஒருவரை, கூட்டத்தின் முன்னால், 'நீங்க வாங்க, ஒண்ணும் ஆகாது' என்று இழுக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கண்ணை மூடிச் சாய்ந்து விழச் சொல்வது, பிள்ளைப் பருவத் துயரத்தை எல்லோர் முன்னிலும் சொல்லி அழவைப்பது இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள். எந்தப் பயிற்சியிலும் 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒதுங்கி நிற்கும் உரிமை உண்டு என்று காலையிலேயே அறிவியுங்கள்.

கோச்சிங்கில் வருகிறவர் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் அது உங்கள் எல்லைக்கு அப்பால். மனநல மருத்துவரிடமோ தகுதி பெற்ற உளவியலாளரிடமோ அனுப்புங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. தமிழிலும் பேசலாம், எந்நேரமும் பேசலாம். அந்த எண்ணை நான் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நிறுவனம் பணம் கொடுத்து ஊழியருக்கு கோச்சிங் தரும்போது, மேலாளர், ஊழியர், கோச் மூவரும் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். எத்தனை அமர்வு நடந்தது, இலக்கு என்ன என்பது மேலாளருக்குத் தெரியலாம். உள்ளே பேசியது தெரியக் கூடாது. இதை எழுத்தில் வையுங்கள். பிறகு ஒருநாள் லிஃப்ட்டில் மேலாளர், "எப்படிப் போயிட்டிருக்கு? ஆள் தேறுவாரா?" என்று சாதாரணமாகக் கேட்பார். அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

கோச்சிங் அறைக்குள்

முன்னாள் கார் பந்தய வீரரான ஜான் விட்மோர் பிரபலப்படுத்திய 'குரோ' முறையோடு தொடங்குங்கள். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள், எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு கட்டம். எளிது. ஆனால் புதியவர்கள் இரண்டாவது கட்டத்தை அவசரமாகத் தாண்டி, வழிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். அடையாளங்களை மாற்றி ஓர் உரையாடலைத் தருகிறேன். வந்தவர் ஐ.டி. துறையில் ஒரு டீம் லீட்.

"என் டீம்ல யாருமே பொறுப்பு எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

"கடைசியா எப்ப அப்படித் தோணுச்சு?"

"நேத்துதான். கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போகணும். கடைசியில நானேதான் அனுப்பினேன்."

"அவங்க எழுதலையா?"

"எழுதியிருந்தாங்க. அது சரியா இல்ல. திருத்திட்டு அனுப்பிட்டேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. அவர் தண்ணீர் குடித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்சம் கழித்து, "போன வாரமும் அப்படித்தான் பண்ணேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அந்த இடைவெளியில் 'நீங்கள் பொறுப்பைக் கொடுப்பதில்லை' என்று நான் சொல்லியிருந்தால், அவர் பத்துக் காரணம் சொல்லியிருப்பார். மௌனமாக இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். வீட்டில் பழகுங்கள்: ஒருவர் பேசி முடித்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுப் பேசுங்கள். முதல் வாரம் மிகக் கடினமாக இருக்கும்.

பணம்

வேலையை விடும் முன் எட்டு முதல் பத்து மாத வீட்டுச் செலவைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வகுப்புக்குப் பின்னால் தயாரிப்பு, பயணம், அறிக்கை என்று மூன்று நான்கு நாள் உழைப்பு இருக்கிறது. மாதம் முப்பது நாளும் விற்பனைக்கு இல்லை. வீட்டுக்கு 60,000 ரூபாய், போக்குவரத்து, காப்பீடு, லேப்டாப், புத்தகம் என்று 15,000 ரூபாய் வேண்டும், மாதம் ஆறு நாள் வகுப்பு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 12,500 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் கையைக் கடிக்கும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து, அந்தத் தொகையைத் தயங்காமல் சொல்லப் பழகுங்கள். இலவச வகுப்பு எடுத்தால் அரசுப் பள்ளிக்கும் சுய உதவிக் குழுவுக்கும் எடுங்கள். லாபத்தில் நடக்கும் கம்பெனிக்கு வேண்டாம்.

தனியாருக்கான பயிற்சிச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஒரே நிறுவனம் ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தரும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே செய்ய வேண்டியது உத்யம், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆன்லைனில் இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டுவட்டியாக. இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனம் எனக்கு ஏழு மாதம் பணம் தராமல் இழுத்தது. அப்போது என்னிடம் பர்ச்சேஸ் ஆர்டரும் இல்லை, பதிவும் இல்லை, 'வாங்க சார், பார்த்துக்கலாம்' என்ற போன் பேச்சு மட்டும்தான் இருந்தது. இப்போது பி.ஓ. எண் கைக்கு வராமல் ரயில் டிக்கெட் போடுவதில்லை. இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிடுகிறேன்.

வாய்ப்புத் தேடுவதற்கும் பருவம் இருக்கிறது. நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான பயிற்சி நாட்காட்டியைப் பிப்ரவரி, மார்ச்சில் தயாரிக்கும். உங்கள் ஒரு பக்க முன்மொழிவு ஜனவரியிலேயே அங்கே இருக்க வேண்டும். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் தொழிற்சாலைகள் தேதி தராது. மாதக் கடைசி வாரத்தில் தந்தாலும் ஏற்காதீர்கள், உற்பத்தி நெருக்கடியில் பாதி ஆட்களை வகுப்பிலிருந்து எழுப்பிக் கொண்டுபோவார்கள். முதல் மூன்று வாய்ப்புகள் பெரும்பாலும் பழைய அலுவலகத்து நண்பர்கள் வழியாகத்தான் வரும். வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள், 'இந்த வேலை செய்கிறேன், இன்னாருக்கு இது பயன்படும்' என்று ஒரே வரியில்.

வகுப்பு முடிந்த பிறகு

மறுநாள் காலை, ஹெச்.ஆருக்கு ஒரு பக்க அறிக்கை. யார் நன்றாகப் பேசினார், யார் பேசவில்லை என்று ஆள் பெயர் சொல்லி எழுதாதீர்கள். குழு என்ன முடிவெடுத்தது, நிர்வாகம் எதைச் செய்தால் அது நடக்கும் என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, பங்கேற்றவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: எடுத்த முடிவில் எதைச் செய்து பார்த்தீர்கள்? ஆறு வாரம் கழித்து ஒரு மணி நேரம் நேரில் போய்ப் பாருங்கள். முன்மொழிவிலேயே இந்த வருகையைக் கட்டணத்தோடு சேர்த்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் தர மாட்டார்கள்.

ஓசூருக்கு அப்படித்தான் திரும்பிப் போனேன். பின்வரிசையில் கை தூக்கிய அந்த சூப்பர்வைசர் என்னை நேராக மெஷின் பக்கம் கூட்டிப்போனார். பேனல் கதவில் ஒரு கிளிப் போர்டு, அதில் ஷிஃப்ட் மாறும்போது எழுதும் தாள், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அன்று ஃபிளிப் சார்ட்டில் எழுதிய ஐந்து வரியில் ஒன்றைப் பேனாவால் அடித்திருந்தார்கள். அடியில் வேறொரு கையெழுத்தில் புதிதாக இரண்டு வரி இருந்தது.